தொலைந்துபோன ஆயில் பம்ப்

அப்பாவின் வேன் நீலமாகப் புகை விடுவதை முதலில் பார்த்தவள் நான்தான். அப்போது மூன்றாம் வகுப்பு. கடைசி சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வரும் பழக்கத்தால் அது என் கண்ணில் பட்டது. சொன்னால், ஏன் திரும்பி உட்கார்ந்தாய் என்று திட்டு விழும். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன். எதையும் இரண்டு நாள் யோசிக்கிற குணம் அப்போதே வந்துவிட்டிருக்கிறது.

சேக்காட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பள்ளிக்கூடம் வரை அப்பா வேன் ஓட்டினார். நானும் அதில்தான் போனேன். காலாண்டு விடுமுறை விட்டதும் பூந்தமல்லியில் மாமாவின் பட்டறையில் இன்ஜினை இறக்கினார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால், வண்ணப் பென்சிலும் நோட்டும் போட்ட பையோடு நானும் பட்டறையில் இறக்கப்பட்டேன்.

மாமாவுக்கு ஒரு முறை உண்டு. பிரித்த சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த பழைய பேனரைத் தரையில் விரித்து அதன்மேல் பரப்புவார். தேய்ந்தது, மாற்ற வேண்டியது எல்லாம் பெண்ணின் முகத்தின் மேல். மறுபடி போடக்கூடியது மாப்பிள்ளையின் முகத்தின் மேல். வண்டிக்காரர் எதிரே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட வேண்டும். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றுக்கும் அப்பா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஆயில் பம்ப் மட்டும் இரண்டு முகங்களுக்கும் நடுவில், மாலைகளின் மேல், வியாழக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை கிடந்தது.

மாமா அதன் பல்சக்கரங்களுக்கு நடுவே மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்.

"தேஞ்சிதான் கீது மச்சான். ஆனா செத்துப் போவல. ஒரு வருசம் ஓடுனாலும் ஓடும்."

"ஓடாட்டி?"

"எண்ணெ மேல ஏறாது. இன்ஜின் புடிச்சிக்கும். பாடி பிரிட்ஜ் மேல ஏறும்போது நின்னுச்சுன்னா, பின்னால லாரிக்காரன் இன்னா பண்ணுவான்?"

"அப்ப புதுசு போடு."

"செவ்வாக்கெழமதான் வரும். கடையில சொல்லி வச்சிருக்கேன்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சேக்காட்டில் வெள்ளை வேன்காரர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போயிருந்தார். அப்பாவின் வேன் வராத முதல் நாளுக்காக அவர் காத்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "பசங்க போற வண்டி. பார்த்து செய்யுங்க."

"எனக்குத் தெரியாதா?" என்று அப்பா எழுந்து கை கழுவிவிட்டார். தட்டில் பாதி சோறு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை அப்பா மாமாவிடம், "பழசையே போட்டுடு மாப்ள" என்றார். மாமா பம்பை எடுத்துப் பேனரில் இருந்த மாப்பிள்ளையின் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடினால் பாலம், நின்றுபோன வேன், கடைசி சீட்டில் நான், எதிரே லாரி. இரண்டு நாள் யோசிக்க நேரம் இல்லாத விஷயம் அது. இருவரும் டீ குடிக்கப் போனபோது பம்பை எடுத்து நோட்டுக்கு அடியில் வைத்துப் பையை மூடினேன்.

திரும்பி வந்த மாமா பேனரைப் பார்த்தார். பேனரைத் தூக்கிப் பார்த்தார். மேஜைக்கு அடியில், டயருக்குள், மண்ணெண்ணெய்த் தட்டுக்குள் எல்லாம் பார்த்தார். அப்பா முட்டி போட்டுத் தரை முழுக்கத் துழாவினார். கடைசியில் மாமாவுக்குப் பழைய இரும்பு எடுப்பவர் மேல் சந்தேகம் வந்தது. டீ குடித்துவிட்டு வரும்போது அவர் பட்டறைப் பக்கமிருந்து போவதைப் பார்த்திருந்தார். மாமா பைக்கை எடுத்துக்கொண்டு துரத்திப் போய், அவரை மூன்று சக்கர வண்டியோடு திருப்பிக் கூட்டி வந்தார். சாக்கைத் தரையில் கொட்டச் சொன்னார்.

அவர் கொட்டிவிட்டு இடுப்பில் கை வைத்தார். "நல்லா பாத்துக்க அண்ணாத்தே. உன் பம்ப வச்சிகினு நான் இன்னா தோச சுடப் போறனா?"

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதரைத் திருடன் ஆக்கிவிட்டோமே என்று இருந்தது. அவர் சாமான்களை மறுபடி சாக்கில் அள்ளுவதற்கு ஓடிப் போய் உதவினேன். அது மன்னிப்புக் கேட்பதில் சேரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நான் பழைய இடத்துக்கு வந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா வந்து, "எழுந்திரு" என்றார். பையைத் தூக்கினார், ஒரு நொடி கையிலேயே வைத்திருந்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். நான் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பையைத் திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"போனது போச்சு உடு மாப்ள. செவ்வாக்கெழம புதுசே போட்டுக்கலாம்."

"திங்கக்கெழமைக்கு?"

"பாத்துக்கலாம்."

அப்பா எப்படியோ பார்த்துக்கொண்டார். தெரிந்தவர்களிடம் இரண்டு ஷேர் ஆட்டோ பேசிப் பிள்ளைகளை இரண்டு நாள் கூட்டிப் போனார். வீடு வீடாகப் போய், "பட்டறையில ஒரு சாமான் தொலைஞ்சிபோச்சும்மா, ரெண்டே நாள்" என்று சொன்னார். சாமான் தொலைந்ததற்கு யார் கோபப்பட முடியும்? ஒரு வீடு மட்டும் வெள்ளை வேனுக்குப் போனது. மற்றவர்கள் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு, சுற்றுலா போவதுபோல் கத்திக்கொண்டு வந்தோம்.

புதன்கிழமை வேன் வந்தது. புகை இல்லை. நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாடி மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வேன் சீராக ஏறி, சீராக இறங்கியது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

இறங்கி முடித்ததும் அப்பா கியரை மாற்றியபடி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பழசை எடுத்துக் குடு. பழைய இரும்புக்காரர்கிட்டயே போட்டுடலாம். பாவம், அவரை அலைய உட்டோம்."

அவ்வளவுதான். திட்டவில்லை, எப்போது கண்டுபிடித்தார் என்றும் சொல்லவில்லை. பின்னால் பிள்ளைகள் இருப்பதால் சும்மா விட்டார் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்காகப் பயந்தேன். சாயங்காலமும் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் பம்ப் இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்குமோ என்னவோ. என் மகள் ஏறிப் போகும் வேன் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் இது எனக்குத் தோன்றும். ஆனால் அப்போது எனக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அப்பாவை நான் ஏமாற்றிவிட்டேன், அவர் பெரிய மனது பண்ணி என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை இரவு, பாதிச் சோற்றில் எழுந்துபோன அதே அப்பா இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேடி அலைந்த பசி என்று நினைத்துக்கொண்டேன்.