தொண்ணூறு வரிக்காரி

செமாராங் துறைமுக நகரில் மீன் ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாக எக்செல் ரிப்போர்ட் என்றால் முர்வானிதான். கிடங்கில் என்ன மீன் எவ்வளவு என்று மாதாமாதம் கணினியே தாளாக்கித் தர, ஆயிரத்து நானூறு வரியில் புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். அதற்கு அவள் பயன்படுத்திய மென்பொருள் கருவி வெறும் தாளிலிருந்துதான் தொடங்கும். எந்தக் கட்டத்துக்கு என்ன நிறம், எந்தக் கோடு தடிமன் என்று ஒவ்வொன்றையும் எழுதிச் சொல்ல வேண்டும். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

எதிர் மேஜைக்கு தியா வந்தாள். இரண்டு வயது இளையவள். முர்வானி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எக்செல்லில் கையால் போட்ட படிவத்தை வேறொரு கருவியால் திறந்து, எண்களை மட்டும் உள்ளே கொட்டினாள். தொண்ணூறே வரி.

"நீங்க போட்ட படிவம் அவ்வளவு அழகு அக்கா. மாத்த மனசு வரல."

முர்வானிக்கு வயிறு எரிந்தது. புகழ்ந்ததற்கு இன்னும் கூடுதலாக எரிந்தது. தியா வாங்கி வந்த லும்பியா என்ற சுருள் பலகாரத்தில் உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே மூன்றைத் தின்றாள்.

வியாழக்கிழமை இயக்குநர் சுகியந்தோ இருவரின் புரோகிராம்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தேர்வானவளுக்கு ரிப்போர்ட், மற்றவளுக்குக் கிடங்கின் பழுதான பிரிண்டர்கள்.

தியாவின் கருவியில் ஒரு குறை இருந்தது. தாளைத் திறந்து சேமிக்கும்போது அதில் வரைந்த உருவங்களைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். படிவத்தின் அடியில் முத்திரை குத்தும் இடத்தைக் காட்ட ஒரு வட்டம் வரைந்திருந்தது. கையெழுத்தின் ஓரத்தில் முத்திரை ஏறி உட்காராத காகிதத்தை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை. வட்டம் இல்லையென்றால் தியா தொலைந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரிசெய்து விடுவாள். முர்வானி சொல்லவில்லை.

வியாழன் காலை சுகியந்தோ தியாவின் தாளைப் புரட்டினார்.

"அந்த வட்டத்த எடுத்தாச்சா? நல்லதாப் போச்சு. முத்திர குத்தினா அதுல மை அப்பிக்கும்."

தியா எட்டிப் பார்த்தாள். "நான் எடுக்கலையே ஐயா. அக்காதான் எடுத்திருப்பாங்க. படிவம் அவங்களோடது."

சுகியந்தோ முர்வானியைப் பார்த்துச் சிரித்தார். பேசாமல் தலையாட்டியிருக்கலாம். ஆனால் இவள் கையால் போடும் பிச்சையா என்று அவளுக்குள் பற்றிக்கொண்டது.

"நான் எடுக்கல. அவ கருவி தின்னுடுச்சு. வரைஞ்சது எதுவா இருந்தாலும் தின்னுடும்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார் சுகியந்தோ.

"மொத நாளே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சுகியந்தோ முர்வானியின் தாளை மூடி ஓரமாக வைத்தார்.

தியா கோபப்படக்கூட இல்லை. நோட்டைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"வேற என்னெல்லாம் தின்னும், அக்கா?"