தடுப்பு மருந்துக்கு முந்தின நாள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டார். நினைவு மலர்களில் இறந்தவர்கள் எல்லாரும் உத்தமர்களாகத்தான் இருப்பார்கள். அண்ணன் முன்கோபி, பிடிவாதக்காரர், சாப்பிடும்போது யாராவது பேசினால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகிறவர். இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கும் அது தெரியும். ஆகவே தங்கையாகிய நான் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

அண்ணன் ராயபுரத்தில் பிறந்தார். தென் மாவட்டத்திலிருந்து வந்த எங்கள் அப்பா அங்கே கோழித்தீவனக் கடை வைத்திருந்தார். அப்பா மாரடைப்பில் போனதும் அண்ணன் கல்லூரியை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும், கல்யாணம் செய்து கொடுத்ததும் அவர்தான். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவார்.

கறிக்கோழிக்கு நோய் இருக்கிறதோ இல்லையோ, எடை ஏறுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் பொடியைக் கலந்து போடுவார்கள். எங்கள் கடையிலும் அதை விற்றோம். அண்ணனுக்கு அது உறுத்தியது. "நோவே இல்லாத கோயிக்கு இன்னாத்துக்கு மருந்து? அத்த துன்றது நம்ம வூட்டுப் புள்ளைங்கதானே?" என்று கத்திவிட்டு, ஒரு நாள் அந்த வியாபாரத்தையே நிறுத்தினார். திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தார். டிரம்களில் வரும் ஃபார்மிக் ஆசிட், புரோபியோனிக் ஆசிட் போன்ற ஆர்கானிக் ஆசிட்களை வாங்கி, தீவனத்தில் சேர்க்கப் பொடியாகவும் குடிதண்ணீரில் சேர்க்கத் திரவமாகவும் கலந்து கொடுத்தார். அந்தப் புளிப்பு கோழியின் குடலில் கெட்ட கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்ளும், தீவனத்தில் பூஞ்சை பிடிக்க விடாது. அதன் நெடியோ கண்ணைக் கரிக்கும். அண்ணனின் சட்டையை அண்ணி வீட்டுக்குள் விடவே மாட்டார்.

தொழில் தொடங்கிய புதிதில் நடந்ததைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுத முடியாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் முருகையன்தான் அவரை நம்பி முதலில் ஆசிட் வாங்கியவர். "நாளிக்கு தண்ணில தடுப்பு மருந்து குடுக்கணும். ஆசிட் ஓடலாமாண்ணே?" என்று கேட்டார். "தாராளமா ஓடட்டும்பா" என்றார் அண்ணன். ஓடக் கூடாது. அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. புளித்த தண்ணீரில் அது செத்துப் போகும். முந்தின நாளே ஆசிட்டை நிறுத்த வேண்டும் என்பது அண்ணனுக்கு அன்று தெரியாது.

சில நாளில், அந்த மருந்து தடுத்திருக்க வேண்டிய வெள்ளைக்கழிச்சல் நோயே வந்தது. குஞ்சுகள் கழுத்து முறுக்கிக்கொண்டு விழுந்தன. முருகையனின் கோழிக் கொட்டகையே காலியானது. அண்ணன் போய் முருகையனோடு சேர்ந்து குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, எல்லாவற்றையும் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு முருகையன் சொன்னது ஒன்றுதான். "சரக்க வேன்ல அனுப்பு, வாங்கிக்கிறேன். நீ மட்டும் எங்கூட பேசாத."

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு வழக்கம் பிடித்தார். எந்தப் பண்ணையில் என்றைக்குக் குஞ்சு இறங்கியது என்று வேன் டிரைவர்களிடம் விசாரித்து வைத்துக்கொள்வார். தடுப்பு மருந்துக்கு முந்தின நாள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நாளிக்கு மருந்து. இப்பவே ஆசிட்ட நிறுத்து" என்பார். முருகையனுக்கும் போடுவார். அவர் எடுத்ததே இல்லை. என் மகள் காது குத்தின் நடுவிலும் எழுந்து போய் அவருக்குப் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவருதான் எடுக்கமாட்டாருன்னு தெரியுமில்ல? எதுக்குண்ணா மானங்கெட்டுப் போயி?" என்றேன். "எடுக்கலன்னா இன்னா? கூப்புட்றது என் வேல" என்றார்.

கொட்டகையில் முகமூடி வாங்கி வைத்திருந்தார். வேலையாட்கள் போடாவிட்டால் திட்டுவார். தான் மட்டும் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு டிரம்மைத் திறப்பார். இருமல் வந்தது, பிறகு மூச்சு வாங்கியது, பிறகு வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. நுரையீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச மூச்சில்லை. நம்பரை அழுத்தி அண்ணி கையில் போனைக் கொடுப்பார், அண்ணி பேசுவார். முருகையன் நம்பரை மட்டும் தானே காதில் வைத்துக்கொண்டு, மணி அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். வென்டிலேட்டர் வைத்த பிறகு போனைத் தொட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் அதிலிருந்து மீளவே இல்லை.

காரியத்தன்று முருகையன் வந்தார். படத்தைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றார். அண்ணி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அண்ணனோட போன ஒரு வாட்டிகூட நா எடுத்ததில்லம்மா. ஆனா அது அடிச்சா போதும், ஓடிப் போயி ஆசிட் கேன கழட்டிடுவேன். இத்தினி வருசமா அப்டித்தான். இந்த வாட்டி, அடிக்கும் அடிக்கும்னு இருந்துட்டேன். அடிக்கல. ஆசிட்டு ஓடிகினே கீது, நா பாட்டுக்கு மருந்த கலந்துட்டேன்."

"கோயிங்க?" என்று அண்ணி கேட்டார்.

"எல்லாம் பூட்ச்சு. குழி வெட்டும்போதுதான் அண்ணன் நெனப்பு வந்துச்சு. ஏன் போன் அடிக்கலன்னு விசாரிச்சேன். போயிட்டாருன்னாங்க."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் அவ்வளவு ஆத்திரம். இன்றும் அது முழுதாகத் தீரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணை இருந்த உறவினர்களுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த கொட்டகைத் தொழிலாளர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த ராயபுரத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பண்ணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணனின் போன் இப்போது அண்ணியிடம் இருக்கிறது. தடுப்பு மருந்துக்கு முந்தின நாள் உங்களுக்கு அதே நம்பரிலிருந்து அழைப்பு வரும். ஓராண்டாக வந்துகொண்டுதான் இருக்கிறது. முருகையன் இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.