சவுக்குத் தோப்பில் ஒரு கல்லூரி

அச்சரப்பாக்கத்தில் பேருந்து ஏறியதும் நடத்துநர்தான் சொன்னார்: "சார், உங்க முஸ்தபா பாய் பூட்டாரு. காத்தால நெஞ்சுவலியாம்." செய்யூர் வரும்வரை அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் சவுக்கு வியாபாரி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எழுபதுகளின் தொடக்கத்தில் தம் செய்யூர்த் தோப்பில் பாதியை வெட்டி எங்கள் கல்லூரியைக் கட்டினார். விலங்கியல் கற்பிக்கச் சேர்ந்த நான் முதல் மாதமே அவரிடம் வாதாடினேன்: கல்வி தருவது அரசின் வேலை, தனியார் கைக்கு அது போகக் கூடாது. அவர் கோபப்படவில்லை.

"கவர்மெண்டு காலேஜ் வரட்டும் சார், மொத மாலை என்னுது. அதுவரைக்கும் இந்த ஊர்ப் பொண்ணுங்களுக்கு வயசு நிக்குமா?"

பி.எஸ்சி. விலங்கியலுக்கு அனுமதி தர வந்த பல்கலைக்கழகக் குழு, ஆய்வகத்தின் காலி அலமாரிகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. பத்து நாள் அவகாசம். மறுநாளே பாய் என்னை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்கு அழைத்துப்போனார். வலையில் சிக்கினால் வீசியெறியும் நட்சத்திரமீனும் கடல் முள்ளெலியும்தான் எனக்கு வேண்டும் என்றேன். ஆறுமுகம் என்ற மீனவர் சிரித்தார்.

"இத்த வெச்சிகினு இன்னா சார் பண்ணுவீங்க? துண்ணக்கூட ஆவாதே!"

ஆனாலும் ஒரு வாரம் கூடை கூடையாகக் கொண்டுவந்தார். அவற்றைப் பதப்படுத்திப் புட்டிகளில் அடைத்தேன்; அலமாரி நிறைந்தது. கடைசி நாள் தயங்கி நின்றார்.

"பாய், எம் பொண்ணு செல்வி செங்கல்பட்டுல அத்த வூட்ல தங்கி பி.யூ.சி. முடிச்சிட்டு சும்மா கீது. மெட்ராசுக்கு அனுப்ப பயமா கீது. இங்கன்னா பஸ்ல வந்துகினு போயிகினு இருக்கும்."

"மார்க் இருந்தா சீட்டு. மீன் குடுத்ததுக்குத் தரமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆறுமுகம் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அனுமதி கிடைத்தது. மதிப்பெண் வரிசையில் விண்ணப்பங்களை அடுக்கியபோது செல்வியின் பெயர்தான் மேலே இருந்தது. பாய் ஆறுமுகத்தை வரவழைத்து அந்தத் தாளைக் காட்டினார். "பாத்தியா, உம் பொண்ணு யாரு தயவுலயும் வரல."

செல்வி இன்று தன் குப்பத்துக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உடனே மாற்றல் வாங்கிக்கொண்டு போக, நெடுநாள் காலியாகக் கிடந்த இடம் அது.

எல்லாத் தனியார் கல்லூரித் தாளாளர்களும் பாயைப் போல இருக்கமாட்டார்கள். கல்வி அரசின் கடமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கடமை வந்து சேரும்வரை காத்திரு என்று எந்தப் பெண்ணிடமும் இனி என்னால் சொல்ல முடியாது. முஸ்தபா பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.