இடுப்பு திரும்பி வந்த குளிர்காலம்

எங்கள் தையல் கம்பெனியில் அவளுக்குப் பெயர் ‘அளவு’. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. “அளவ வரச்சொல்லு”, “அளவுக்குச் சளி பிடிச்சிருக்கு, அந்த ஜன்னல மூடு” என்றுதான் பேச்சு. புதிதாக எந்த உடுப்புத் தைத்தாலும் முதல் உருப்படியை அவள்மேல் மாட்டிப் பார்ப்போம். தோளில் குண்டூசி, இடுப்பில் குண்டூசி. அவளுக்குச் சரியாக உட்கார்ந்தால் அதுதான் நடுத்தர சைஸுக்குப் பேட்டர்ன். சின்னதும் பெரியதும் அதிலிருந்து கூட்டிக் குறைப்பது. ஊரில் பாதிப் பெண்கள் அவள் உடம்புக்கு வெட்டிய துணியைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

நான் அங்கே இஸ்திரி போடுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நாள் முழுக்க ஆவியில் நின்று பாருங்கள், உங்கள் வாயும் நீளும்.

முதலாளி ஒரு பெண்மணி. எங்களுக்கு மேடம், அளவுக்கு அண்ணி, அதாவது புருஷனின் அக்கா. புருஷன் எங்கள் கட்டிங் மாஸ்டர். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, தொழில் பழக்கி, கல்யாணமும் பண்ணிவைத்தவர் மேடம்தான். பெண் பார்க்கப் போன அன்றே கண்ணால் அளவெடுத்துவிட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அளவுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தைவிட்டு நகரமாட்டார். ஆனால் சாப்பிடும்போது அவள் இரண்டாம் தடவை கை நீட்டினால், “போதும்மா, இடுப்பு” என்பார். அவள் கையை இழுத்துக்கொள்வாள்.

குழந்தைப் பேச்சு வந்தாலும் அப்படித்தான். “இந்த சீசன் முடியட்டும்” என்பார் மேடம். எங்கள் தொழிலில் சீசன் எங்கே முடிகிறது? வெயில் மண்டையைப் பிளக்கும்போது குளிர்காலக் கோட்டு தைக்கிறோம். குளிரில் பல் தந்தியடிக்கும்போது கையில்லாத கவுன் தைக்கிறோம். “கல்யாணமானதுலேர்ந்து ஒரு சீசன்கூட முடியலக்கா” என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்த வெயிலில்தான் இஸ்திரி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. டாக்டர்கிட்டயும் காட்டிட்டோம்.”

“மேடம்கிட்ட சொன்னியா?”

“கடைக்காரங்களுக்கு கோட்டெல்லாம் போட்டுக் காட்டற ஷோ முடியட்டும். இப்ப சொன்னா அண்ணி முகம் வாடிப் போயிடும், என்னால அதப் பாக்க முடியாது. ஷோ அன்னிக்குச் சொல்லிட்டு இந்த வேலைய அதோட விட்டுடறேன். வயித்துப் புள்ளக்காரிய யாரும் அளக்க மாட்டாங்கல்ல? நல்லா சாப்பிடுவேன், தூங்குவேன். எந்த சைஸாவும் இல்லாம கொஞ்ச நாள் இருக்கணும்க்கா.”

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் இந்த வருஷத்து மோஸ்தர் அப்படி. சில வருஷமாக எல்லாம் தொளதொளவென்று சாக்குப்பை மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. அதில் இரட்டைப் பிள்ளையையே ஒளித்துவைக்கலாம். இந்த வருஷம் பார்த்து மேடம் பத்திரிகைப் படங்களைச் சுவரில் ஒட்டி, “இந்தக் குளிர்காலத்துக்கு இடுப்பு திரும்பி வந்துடுச்சு” என்று அறிவித்தார். செங்கல் நிறம், பாசிப் பச்சை, கடுகு மஞ்சள். கணுக்கால்வரை கம்பளிக் கோட்டு. நடுவில் இறுக்கிப் பிடிக்கும் அகலப் பெல்ட். வேளை பார்த்துத் திரும்பி வந்தது பாருங்கள் அந்த இடுப்பு.

ஒவ்வொரு முறை மாட்டிப் பார்க்கும்போதும் கோட்டு அவளைப் பிடித்தது. மாஸ்டர் மேடத்துக்குச் சொல்லாமல் பேட்டர்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பெண்டாட்டி மூச்சுவிட வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அவள் பருத்தால் ஊரில் உள்ள நடுத்தர சைஸ் மொத்தமும் பருக்கும் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. என் மண்டைக்கும்தான்.

வியாபாரிகள் சங்கத்து மண்டபத்தில் ஷோ. சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “இடுப்பு திரும்பி வந்துடுச்சு” என்று மேடம் மைக்கில் சொல்லித் தொடங்கிவைத்தார். அளவு செங்கல் நிறக் கோட்டில் முதலில் போனாள். வார்த்து ஊற்றிய மாதிரி இருந்தது. கைதட்டினார்கள். அடுத்து, வாடகைக்கு அழைத்துவந்த பெண் பாசிப் பச்சையில் போனாள். அதே சைஸ்தான். பெல்ட்டை இறுக்கியதும் துணி இடுப்பைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகச் சுருங்கியது. கடுகு மஞ்சளும் அப்படியே. முன்வரிசையில் ஒரு கடைக்கார அம்மா, “இடுப்பு திரும்பி வந்துடுச்சுன்னீங்க, யாரோட இடுப்பு வந்துச்சு?” என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

மேடம் திரைக்குப் பின்னால் வந்தார். பச்சைக் கோட்டைப் புரட்டித் தையலைப் பார்த்தார். தையலில் குற்றமில்லை. அந்தப் பெண்ணை அளந்தார். அவளும் சரியாகத்தான் இருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அளவைப் பார்த்தார். கிட்டே போய் அவள் பெல்ட்டுக்குள் கையை நுழைத்து வயிற்றில் வைத்தார்.

“எத்தனாவது மாசம்?”

“நாலு, அண்ணி.”

நான் இடி விழும் என்று நின்றேன். மேடம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். “என் தம்பிக்குப் புள்ள பொறக்கப் போகுது, எங்கிட்ட மறைச்சிட்டியேடி” என்றார். மாஸ்டர் ஓடிவந்து, திருடன் மாதிரி கதவோரம் நின்றார். அளவு அவரைப் பார்த்துக்கொண்டே, “அண்ணி, நான் இனிமே...” என்று ஆரம்பித்தாள்.

மேடத்தின் காதில் விழவில்லை. கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார். “இதுல ஒண்ணுகூட வீணில்ல. மாசமா இருக்கறவங்களுக்கு லட்சணமா ஒரு கோட்டு எங்கயாவது கெடைக்குதா? நாம போடுவோம். மாசத்துக்கு ஒரு பேட்டர்ன். எவங்கிட்ட இருக்கு இப்படி ஒரு அளவு?”

எனக்குப் பொறுக்கவில்லை. “மேடம், அவ இந்த வேலைய நிறுத்திடணும்னு நெனைக்கறா.”

மேடம் நிஜமாகவே திடுக்கிட்டார். அவள் கன்னத்தைத் தொட்டு, “அப்படியாம்மா?” என்று கேட்டார். அத்தனை பிரியமாக யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதட்டியிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் புருஷனைப் பார்த்தாள். அந்த மனுஷன் கண் பச்சைக் கோட்டின் இடுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

“இல்ல அண்ணி” என்றாள்.

“பின்ன என்ன. இனிமே நல்லா சாப்பிடு. ஆனா ஒரே சீரா ஏறணும், என்ன?”

அவளைக் கையோடு மேடைக்கு அழைத்துப்போய் மேடம் மைக்கில் எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். இடுப்பைக் கேட்ட அம்மா மேடைக்கு வந்து, அவள் வயிற்றின்மேல் துணி விழும் இடத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாருக்கு. ஏழாம் மாசத்துக் கோட்டு எப்பக் கெடைக்கும்?”

“இவளுக்கு ஏழு ஆனதும்” என்றார் மேடம்.