பூஜ்யம் எண் மாப்பிள்ளை

எங்கள் சௌராஷ்டிரா ஜனங்களுக்கென்று 2004-ல் ஒரு கல்யாண வெப்சைட் ஆரம்பித்தேன். மதுரை பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். முதலாளி, ஊழியர், டீ வாங்கப் போகிறவர் எல்லாமே நானும் கூட்டாளி சாய்பிரசாத்தும்தான். எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. ஊருக்கு வரன் தேடிக் கொடுக்கிற சாக்கில் நமக்கும் ஒரு பெண் பார்த்துவிடலாம் என்பது என் ரகசியத் திட்டம். ரகசியம் என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

வெப்சைட்டில் ஒரு பெயரைத் தொட்டால், முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் அதன் பின்னால் அந்த வரனின் எண்ணும் வந்து நிற்கும். சர்வரில் இருக்கும் என் புரோகிராம் அந்த எண்ணைப் பிரித்தெடுத்து, உரியவரின் போட்டோவையும் ஜாதகத்தையும் காட்டும். எண் வராவிட்டால், 'இப்படி ஒரு வரன் இல்லை' என்று சொல்லிவிடும்.

ஒன்றிலிருந்து எண்ணுவது பலசரக்குக் கடைக்காரர் வேலை, புரோகிராமர் என்றால் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவான் என்று எனக்கு ஒரு மிதப்பு. முதல் வரனாகப் பாலகணேஷ் என்கிற என்னைப் பதிந்து, பூஜ்யத்தை எடுத்துக்கொண்டேன். சாய்பிரசாத்துக்கு ஒன்று.

ஒன்றாம் எண்ணுக்கு அந்த ஆவணியிலேயே கல்யாணம். பின்னால் வந்த எண்களும் வரிசையாக மாலை மாற்றிக்கொண்டன. எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்து நான் பருத்ததுதான் மிச்சம், எனக்கென்று ஒரு போன்கூட வரவில்லை. அம்மா பழியைச் செவ்வாய் மேல் போட்டு, என்னை நவக்கிரகம் சுற்ற வைத்தாள். நான் என் முன்வழுக்கை மேல் போட்டேன். இரவல் கோட்டுடன் ஸ்டூடியோவில் எடுத்த அந்தப் போட்டோவைப் பார்க்கச் சகிக்காமல், என் பக்கத்தை மட்டும் நான் திறந்ததே இல்லை. வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் ரொம்பவே நொந்துபோயிருந்தேன்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. ஒருநாள் கே.கே. நகரிலிருந்து நாகசுப்பிரமணியன் என்பவர் ஆபீசுக்குப் போன் செய்தார். மகள் பிருந்தாவுக்கு மாப்பிள்ளை தேடுகிறாராம்.

"தம்பி, முதல்ல பாலகணேஷ்னு ஒரு பேரு இருக்கே, தொட்டா ஆளே இல்லைங்குது. போன மாசமும் இதே கதைதான். கல்யாணம் ஆயிருச்சா, இல்ல அவருக்கு என்னமும் ஆயிப்போச்சா?"

"இருக்காரு சார். நல்லாத்தான் இருக்காரு."

"உங்களுக்குப் பழக்கமா? ஆளு எப்படி?"

"கொஞ்சம் பழக்கம் சார். சாது. அரைமணி நேரம் கழிச்சுப் பாருங்க, வந்துரும்."

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். 'எண் இருந்தால் காட்டு' என்று எழுதியிருந்தேன். நான் எழுதிய கம்ப்யூட்டர் மொழிக்குப் பூஜ்யம் வந்தாலும் எதுவுமே வராவிட்டாலும் ஒரே அர்த்தம்தான். என் பெயரைத் தொட்ட அத்தனை பெண் வீட்டாரிடமும் நான் இல்லவே இல்லை என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரே வரியில் திருத்தினேன். சாய்பிரசாத் நாற்காலியில் சரிந்து சிரித்தான்.

"மாப்ள, செவ்வாயை விட்டுரச் சொல்லுடா உங்க அம்மாவை. பாவம், அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

அரைமணி நேரத்தில் அவரே மறுபடியும் போன் செய்தார்.

"இப்பத் தெரியுது தம்பி. பையன் பரவாயில்ல, கோட்டுதான் கொஞ்சம் பெருசு. கோத்திரமும் வேற வேற. ஆனா இந்த வெப்சைட்டைச் செஞ்சவன் சுத்த விவரங்கெட்டவன். ஒரு நல்ல பையனை இம்புட்டு நாளா மறைச்சு வச்சிருக்கானே!"

"ஆமா சார்."

அவர் மேற்கொண்டு படிப்பது கேட்டது. பிறகு குரல் மாறியது.

"வேலைங்கிற எடத்துல இந்த வெப்சைட் பேரைத்தானே போட்டிருக்கு?"

வந்த ஒரே இடமும் போச்சு என்று நினைத்தேன்.

"அது நான்தான் சார். நீங்க சொன்ன ரெண்டு பேரும் நான்தான்."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ சௌராஷ்டிரா பாஷையில் சொல்வது அரைகுறையாகக் கேட்டது. அடுத்து ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் திரும்ப வந்தார்.

"ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க. பிருந்தாவுக்கு உங்களை நேர்ல பாக்கணுமாம். வெப்சைட்டை நம்ப மாட்டாளாம்."