திருப்பிவிட ஆளில்லாத கிரகம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்த கால் பக்கக் கட்டுரையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் விஞ்ஞானியாகத் திரிந்தேன். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் அது. அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியின் அயர்னிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எங்கோ தொலைவில் பாறைக் கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். டீ நேரத்தில் பெண்களிடம் அதைப் பற்றி அளந்துவிட்டேன்.

நம் பூமி மாதிரியே கல்லும் பாறையும்தான். ஆனால் தன் சூரியனை ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. ஒரே பக்கம்தான் எப்போதும் வெயிலைப் பார்த்து நிற்குமாம், அங்கே பொழுது சாய்வதே இல்லை. பாறை உருகிக் குழம்பாகக் கிடக்கலாம். அதன் ஆவி மேலே போய்க் குளிர்ந்து கல்மழையாகக் கொட்டலாம். மறுபக்கம் ஓயாத இருட்டு, உறைகிற குளிர். அங்கே ஓர் உயிர் பிறந்தால் என்ன பாடுபடும் என்று உச்சுக்கொட்டினேன்.

ஒன்றாம் டேபிள் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க தம்பி, அதைக் கொஞ்சம் திருப்பி உடறதுக்கு ஆளில்லீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான்தான்.

ஒன்றாம் டேபிள் பாய்லர் சுவரை ஒட்டியது, தலைக்கு மேலே நீராவிக் குழாய். எட்டாம் டேபிள் ஜன்னலோரம். சேர்ந்த அன்று எந்த டேபிளோ, கடைசிவரை அதுதான் என்பது எங்கள் வழக்கம். அக்கா மூன்று வருடமாக ஒன்றில் நின்றார். கழுத்தெல்லாம் வேர்க்குரு, இரண்டு தடவை மயங்கியும் விழுந்திருந்தார். வாரம் ஒருமுறை இடம் மாற்றிவிடச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், பழகிய டேபிளை மாற்றினால் வேலை குறையும் என்று சாக்குச் சொன்னேன். ஜன்னலோரத்துப் பெண்ணின் வாய்க்குப் பயந்தேன் என்பதுதான் நிஜம். ஊருக்கு உபதேசம் என்பார்கள், நான் வேற்று உலகத்துக்கே இரக்கப்பட்டவன்.

அதே வாரம் எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்தார். பிரிவில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒன்றாம் டேபிளில் நின்று, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

"சூடு தாங்க முடியலீங்க. வாரத்துக்கொருக்கா எங்களையும் திருப்பி உடச் சொல்லுங்க."

ஒரு குறையும் இல்லையாம், உங்களைப் பார்த்ததில் சந்தோஷமாம் என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். அக்கா கும்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக அக்கா நேராக எட்டாம் டேபிளுக்குப் போய் நின்றார். அங்கிருந்த பெண் முறைத்தாள். அந்த வெளிநாட்டுக்காரர் தலையாட்டினாரே, இன்னும் மாற்றவில்லையா என்று அக்கா என்னிடம் கேட்டார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

அக்கா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போகட்டும் உடுங்க தம்பி. எங்களுக்காக அத்தனை பெரிய மனுசங்ககிட்ட எடுத்துச் சொன்னீங்களே, அதுவே போதுமுங்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒன்றாம் டேபிளுக்குத் திரும்பிப் போனார்.