உள்ளே ஆர்டிஸ், வெளியே ஆர்வில்

ஏப்ரல் பிறந்ததும் எங்கள் டிரெய்லர் வீட்டுப் பார்க்கில் கடுகு சாஸ் கை மாறத் தொடங்கும். முதலில் ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பாதி தீர்ந்த பாட்டில்களை அடுத்த வாரம் கிளம்புகிறவர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் அதில் ஒரு தடவை தொட்டுக்கொண்டு, தங்கள் பாட்டிலையும் சேர்த்து, அதற்கடுத்த வாரத்துக்காரர்களிடம் தள்ளிவிடுவார்கள். கோடையிலும் அரிசோனா பாலைவனத்து யூமாவை விட்டு நகராதவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். மே மாதம் என் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கடுகு சாஸும் ஊறுகாய்த் தண்ணீரும்தான் இருக்கும்.

எனக்கு எதிர்வீடு டோலஃப்சன் வீடு. சக்கரம் கழற்றிய டிரெய்லர், பக்கத்தில் ஒரு தகர ஷெட், முன்னால் ஒரு கிரேப்ஃப்ரூட் மரம். ஆர்டிஸும் அவர் கணவர் ஆர்வில்லும் வடக்கு டகோட்டாக்காரர்கள். அங்கே பனி விழுவதற்கு முன் இங்கே வருவார்கள், இங்கே வெயில் கொளுத்துவதற்கு முன் அங்கே போய்விடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான்.

வீட்டைப் பூட்டுவது என்றால் சாவியைத் திருப்புவது என்று நினைக்கிறவர்கள் ஒரே கோடையில் திருந்திவிடுவார்கள். டாய்லெட்டில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோனால் அந்த வழியாகக் கரப்பான்கள் ஏறி வரும். ஆகவே அதன் வாயில் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்ட வேண்டும். தொட்டிகளின் கழிவுக் குழாய்களிலும் தண்ணீர் காயாமல் இருக்க ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட வேண்டும். மரச் சாமான் வெடிக்காமல் இருக்க அறைக்கு ஒரு வாளி தண்ணீர் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துண்டைச் செருக வேண்டும். மெழுகுவத்தியை மறந்தால் அக்டோபரில் அது மேஜையின் ஒரு பாகமாகியிருக்கும். இதெல்லாம் உள்வேலை. உள்வேலை ஆர்டிஸுடையது.

வெளிவேலை ஆர்வில்லுடையது. அதில் என்னென்ன உண்டு என்று ஆர்டிஸுக்குத் தெரியாது. தண்ணீர், ஹீட்டர், கூலர், கார் என்று பொதுவாகச் சொல்வார். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளும் ஆர்வில் ஷெட்டுக்குள் போய்விடுவார். துணைக்குப் பக்கத்து வீட்டு லெஸ்டர் போவார். லெஸ்டர் அயோவாவில் பன்றி வளர்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதனால் எப்போதும் ஓய்வாக இருப்பவர். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆர்வில் கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி வலைக்கதவுக்கு வெளியே வந்து நின்று, "வெளியே முடிஞ்சது" என்பார். உள்ளேயிருந்து ஆர்டிஸ், "உள்ளே முடிஞ்சது" என்பார். வெயிலில் கஷ்டப்பட்டவர் என்று அன்றைக்கு ஆர்வில்லுக்குப் பெரிய இறைச்சித் துண்டாக வைப்பார்.

போன வருஷம் ஜனவரியில் ஆர்வில் கிரேப்ஃப்ரூட் பறித்துக்கொண்டிருந்தவர் மரத்தடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கூடையில் பழம் நிறைய இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஆர்டிஸ் அதையே கொடுத்து அனுப்பினார். வீணாக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

மார்ச் கடைசியில் மகன் கர்டிஸ் ஃபார்கோவிலிருந்து போன் செய்தான். ஆர்டிஸ் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நானே வந்து வீட்டை மூடறேன். அப்படியே வித்துடலாம்."

"மூடறதுக்கு நீ எதுக்குடா? நான் இல்லையா?"

"நீ உள்ளேதானேம்மா மூடுவே. வெளியே எல்லாம் அப்பாதான். அந்தத் தண்ணி வால்வு எங்க இருக்கு, சொல்லு பாப்போம்."

ஆர்டிஸ் யோசித்தார். "வெளியே," என்றார்.

"கோடையில ஒரு பைப் விட்டுச்சுன்னா வீடே மிதக்கும்மா. தனியா உன்னால முடியாது."

"சரி, ஒண்ணு பண்ணுவோம். அக்டோபர்ல நீயும் என்கூட வா. நீயே கதவைத் திறந்து பாரு. ஏதாவது ஒண்ணு கெட்டிருந்தா நீ சொல்றபடி வித்துடலாம். ஒண்ணும் கெடலைன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

"ஒண்ணுன்னா, சின்னதா இருந்தாக்கூடவா?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்டா."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டெல்ஃபினா, உன் வீட்டு வால்வு எங்க இருக்கு?"

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், விடிந்ததும் ஆர்டிஸ் ஒரு கோப்பை காபியோடு வெளியே வந்தார். ஆர்வில்லின் தொப்பியைப் போட்டிருந்தார். காபியைப் படியில் வைத்துவிட்டு வெளிவேலையைத் தொடங்கினார். உதவிக்கு நான் போனேன். ஏணி பிடிக்கச் சொல்வார், எதையாவது தூக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

தரையில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. திறந்தால் வால்வு. திருப்பினார், நின்றது. ஹீட்டருக்கு ஒரு ஸ்விட்ச். ஆர்வில்லே அதன் பக்கத்தில் "ஹீட்டர்" என்று எழுதி வைத்திருந்தார். காரின் பேட்டரி வயரைக் கழற்றி, எலி கூடு கட்டாமல் இருக்க பானெட்டைத் திறந்து விட்டார். ஜன்னல் கூலருக்கு ஒரு கான்வாஸ் உறை. அதை எடுக்க ஷெட்டைத் திறந்தார், கொண்டுவந்து மாட்டினார், கயிற்றை இழுத்துக் கட்டினார். அவ்வளவுதான். வேறு ஏதாவது இருக்க வேண்டும் என்று வீட்டை இரண்டு சுற்று வந்து பார்த்தோம். இல்லை.

படிக்குத் திரும்பி வந்து ஆர்டிஸ் காபியை எடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்தார்.

"இன்னும் சூடா இருக்கு," என்றார்.

யூமா வெயிலில் காபி அவ்வளவு சீக்கிரம் ஆறாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு நாள் தாங்காது.

ஆர்டிஸ் ஷெட்டுக்குத் திரும்பப் போனார். இந்த முறை நன்றாகப் பார்த்தார். நடுவில் இரண்டு மடக்கு நாற்காலிகள், எதிரெதிராக. இரண்டின் துணியும் நன்றாகத் தொய்ந்திருந்தது. ஒரு சின்ன மின்விசிறி. பலகைக்கு அடியில் இரண்டு பெட்டி பீர். ஜனவரியில் விலை இறங்கியபோது வாங்கியது.

"லெஸ்டர்!" என்று கூப்பிட்டார். லெஸ்டர் தன் வீட்டுக் கதவைத் திறப்பதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"இங்க ரெண்டு நாற்காலி எதுக்கு?"

"ஒண்ணு ஆர்வில் உக்கார."

"இன்னொண்ணு?"

"ஒருத்தர் உக்காந்திருக்கிறப்போ இன்னொருத்தர் நிக்கிறது மரியாதை இல்லீங்களே."

"ரெண்டு நாளா ரெண்டு பேரும் உள்ளே என்னதான் பண்ணீங்க?"

"வெளிவேலைதான்." லெஸ்டர் மரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் முடிச்சா நீங்க உள்ளே வேலை வச்சிடுவீங்கன்னு ஆர்வில் சொல்லுவாரு. நான் சொல்லலீங்க. அவரு சொன்னது."

"ஓவன் அடுப்புக்குள்ள தலையை விட்டுக் கழுவிட்டு இருந்தேன்யா நான். இருபது வருஷமா!"

"அவருக்கும் வருத்தம்தான். அடிக்கடி சொல்லுவாரு." லெஸ்டர் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். "ஆர்டிஸ், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பீரும் வெளிவேலைதான். கடுகு சாஸ் மாதிரி அதை யார்கிட்டயும் தள்ள முடியாது. கிளம்பறதுக்குள்ள தீத்துடணும். கோடையில விட்டுட்டுப் போனா வெடிக்கும்."

"நீ வெடிக்காம இருந்தாப் போதும். போ."

ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

கோபத்தோடு செய்தால் உள்வேலை வேகமாக நடக்கும். ஆர்டிஸ் ஃப்ரிட்ஜைக் காலி செய்தார், தட்டுகளை வெளியே எடுத்தார், சோப்பைத் தடவினார், குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. இரண்டு சொட்டு விட்டது. நின்றது.

தண்ணீரை அவரே மூடியிருந்தார்.

கை நிறையச் சோப்போடு சிறிது நேரம் நின்றார். நானும் நின்றேன். வாளிகள் நிரப்பவில்லை, தரை துடைக்கவில்லை, துணி துவைக்கவில்லை. இன்னும் இரண்டு நாளைக்குத் தண்ணீர் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் வால்வை மூட முடியும்.

"அப்போ, நான் முடிக்கிற வரைக்கும் அவரு காத்துக்கிட்டுதான் இருந்திருக்காரு," என்றார் ஆர்டிஸ்.

"ஆமாம்போல," என்றேன்.

"பீர் குடிச்சுக்கிட்டுக் காத்திருந்திருக்காரு."

"ஆமாம்."

வெளியே போய் வால்வைத் திறந்தார். ஹீட்டரையும் போட்டார். பிறகு அடுப்புக்குள் தலையை விட்டார்.

கிளம்பும் நாள் காலையில் எல்லாவற்றையும் மறுபடி மூடினார். கடைசியாக டாய்லெட்டுக்குப் பிளாஸ்டிக் தாள். இது ஒவ்வொரு வருஷமும் சண்டை வரும் இடம். ஆர்டிஸ் தாளை ஒட்டி முடித்த பிறகுதான் ஆர்வில்லுக்கு அவசரம் வரும். "மூடறதுக்கு முன்னாடி கேட்டேன்ல?" என்ற சத்தம் என் வீடு வரைக்கும் கேட்கும். அந்த வருஷம் சத்தம் இல்லை. நான் அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகக் கார்ச் சாவியோடு காத்திருந்தேன். ஆர்டிஸ் பெட்டியோடு தெருவைத் தாண்டி வந்தார். பெட்டியை என் வாசலில் வைத்தார்.

"உன் டாய்லெட் திறந்திருக்கா?" என்றார்.

"திறந்துதான் இருக்கு."

"சிரிக்காதே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கோடை சாதாரணக் கோடை. பறவைகள் வாயைத் திறந்தபடி நிழலில் உட்கார்ந்திருந்தன. நான் வாரம் ஒருமுறை ஆர்டிஸ் வீட்டைத் திறந்து ஒரு சுற்று வருவேன், என் வீட்டிலிருந்து வாளியில் கொண்டுபோய் மரத்துக்குத் தண்ணீர் விடுவேன். வீட்டுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டில் ஓர் இரவு தெருவில் 'டப் டப்' என்று கேட்டது. யாரோ பட்டாசு வெடிக்கிறார்கள் என்று திரும்பிப் படுத்தேன்.

அக்டோபரில் அம்மாவும் மகனும் வந்தார்கள். கர்டிஸ் வீடு வாங்க வந்தவனைப் போலப் பார்த்தான். வால்வைத் திறந்துவிட்டு ஒவ்வொரு குழாய்க்கு அடியிலும் டார்ச் அடித்தான். சொட்டவில்லை. பிளாஸ்டிக் தாளைப் பிரித்தான். தண்ணீர் விட்ட இடத்திலேயே நின்றது. மேஜை நாற்காலியைத் தடவிப் பார்த்தான், வெடிப்பு இல்லை. கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஆர்டிஸ் கூடவே நடந்தார். கைப்பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

"கூலர் உறையைக் கழட்டி ஷெட்டுல போட்டுடு," என்று சாவியைக் கொடுத்தார்.

கர்டிஸ் ஷெட்டைத் திறந்தான். திறந்த வேகத்தில் பின்னால் வந்தான். நாங்களும் போய்ப் பார்த்தோம். இரண்டு பெட்டியும் வெடித்திருந்தன. தகரச் சுவர் முழுக்கப் பழுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. சுத்தியல், ரம்பம், மின்விசிறி, நாற்காலிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. எறும்புகள் வந்து தின்றுவிட்டுப் போயிருந்தன. கரப்பான்கள் போகவில்லை. மல்லாந்து, திருப்தியாகச் செத்துக் கிடந்தன.

லெஸ்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைக் கழற்றினார். "நான் அப்பவே சொன்னேன்," என்றார்.

"என்னம்மா இது?"

"உங்கப்பா வேலைடா," என்றார் ஆர்டிஸ். "முடிக்காமப் போயிட்டாரு."

கர்டிஸ் சுவரைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "ஒண்ணுன்னா ஒண்ணுன்னு நீதான் சொன்னே."

"சொன்னேன்." ஷெட் வேறு வீடு வேறு என்று வாதாடுவார் என்று நினைத்தேன். வாதாடவில்லை. கைப்பையை முதல் தடவையாகப் படியில் வைத்தார். "வித்துக்கோ. ஆனா இந்த நாத்தத்தோட எவனும் வாங்க மாட்டான். முதல்ல கழுவு."

கர்டிஸ் கழுவத் தொடங்கினான். லெஸ்டர் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, எந்தச் சாமான் எங்கே மாட்டியிருந்தது என்று சொல்வதற்கு ஆள் வேண்டும் என்றார். முதலில் நாற்காலிகளைக் கழுவிக் காயவைத்தார்கள். முதல் நாள் சுரண்டுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் சத்தம் குறைந்தது, பேச்சுக் கேட்டது. ஒரு சமயம் கர்டிஸ் சிரித்தான். ஆர்வில் சிரிப்பதைப் போலவே மூக்கால் சிரித்தான். ஆர்டிஸ் அப்போது என்னோடு சமையலறையில் இருந்தார். கத்தியை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, மறுபடி உருளைக்கிழங்கை நறுக்கினார்.

சாயங்காலம் கர்டிஸ் கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி வலைக்கதவுக்கு வெளியே வந்து நின்றான்.

"வெளியே முடிஞ்சதும்மா."

ஆர்டிஸ் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காலைத் துடைச்சுட்டு உள்ளே வா," என்றார்.

பெரிய துண்டாக எடுத்து அவன் தட்டில் வைத்தார். லெஸ்டருக்கும் வைத்தார், கொஞ்சம் சின்னதாக. கர்டிஸ் பாதி சாப்பிட்ட பிறகு தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"ஏப்ரல்ல வெளிவேலைக்கு நான் வரட்டுமா? ரெண்டு நாள் லீவு போட்டாப் போதும்ல?"

"காபி ஆறுறதுக்குள்ள முடியற வேலைடா அது."

"ரெண்டு நாள் ஆகும்னு லெஸ்டர் சொன்னாரே."

லெஸ்டர் இறைச்சியை மிகக் கவனமாக வெட்டிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் அவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"சரி, ரெண்டு நாளாவே போடு," என்றார். "டெல்ஃபினா, அந்தக் கடுகு சாஸை இப்படித் தள்ளு."

மேஜையில் மூன்று பாட்டில் இருந்தது. எல்லாம் நான் கொண்டுபோனதுதான். மூன்றையும் தள்ளினேன்.